பாலிமர் படலத்தை எடை போட எந்தக் கருவி? க்யூசிஎம் பிழைகளை வைத்து ஓர் ஒப்பீடு

போன வாரம் ஒரு தம்பி அழைத்தார். முதுகலை ஆய்வில் இரண்டாம் ஆண்டு, பினாங்கில் குளுகோர் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். "அக்கா, எங்க லேப்ல சாதா க்யூசிஎம் ஒண்ணு சும்மாதான் இருக்கு. இன்னொரு துறையில டிசிப்பேஷன், அதான் ஆற்றல் இழப்பு, பார்க்கிற பெரிய மெஷின் இருக்கு, ஆனா நாள் கணக்குல கட்டணம். ஒளியை வச்சுத் தடிமன் பார்க்கிற எலிப்சோமீட்டரும் புக் பண்ணலாம். என் ரப்பர் படலத்துக்கு எதுல போறது?" இதே கேள்வியைக் கோலாலம்பூரிலிருந்து ஒரு தங்கையும் கேட்டிருந்தார். அவருடையது கைட்டோசான் என்கிற, நீரில் ஊறும் பாலிமரின் படலம். இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் கிராணி எடையைக் குறித்துக்கொண்டதோடு விடமாட்டார். மெட்ரோலாக் மிதவையைப் பாலில் விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்ப்பார். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழை நாளில் வாளி கனக்கும், ரப்பர் கூடியிருக்காது. அதிரும் படிகத்தின்மேல் எடை ஏறினால் அதன் அதிர்வெண் இறங்குவதை வைத்து எடை காட்டும் க்யூசிஎம் என்கிற குவார்ட்ஸ் படிக நுண்தராசைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் அந்த ஸ்டோர்தான் நினைவுக்கு வருகிறது. தராசு காட்டும் எடை உண்மைதான். எதன் எடை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

கருவியின் விளம்பரத் தாளைப் புரட்டுவதற்கு முன் உங்கள் படலத்தைப் பற்றி ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டியது காய்ந்த பாலிமரின் எடையா, தண்ணீரோடு சேர்ந்த எடையா? படலம் விறைப்பானதா, மென்மையானதா? அளப்பது காற்றிலா, திரவத்திலா? தடிமன் பத்து நானோமீட்டரா, நூறா, ஆயிரத்துக்கும் மேலா? ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம்: அளவீடு தப்பாகப் போனால் அந்தக் கருவி அதைக் காட்டிக்கொடுக்குமா, மறைத்துவிடுமா?

காசும் நேரமும் இதற்கெல்லாம் அப்புறம்.

## முதலில் அறை, எந்தக் க்யூசிஎம் ஆனாலும்

கருவியை மாற்றினாலும் போகாத பிழைகள் சில உண்டு. நம் ஊரில் முதல் எதிரி காற்றிலுள்ள ஈரம். பினாங்கில் வெளியே ஒப்பு ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஏர்கான் ஓடும்வரை ஆய்வுக்கூடம் ஓரளவு காய்ந்திருக்கும், நிறுத்தினால் ஈரம் உள்ளே வந்துவிடும்.

எனக்கே நடந்தது இது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பூசிய கைட்டோசான் படலத்தின் அதிர்வெண்ணைக் குறித்துவிட்டுப் போனேன். திங்கள் காலை வந்து பார்த்தால் நாற்பது ஹெர்ட்ஸ் குறைந்திருந்தது. ஏதோ புதிதாக ஒட்டியிருக்கிறது என்று இரண்டு நாள் மகிழ்ச்சியில் குறிப்பெழுதினேன். வார இறுதியில் கட்டடத்தின் ஏர்கானை அணைத்திருந்தார்கள். படலம் குடித்தது வெறும் ஈரக்காற்றை.

கணக்குப் போட்டால் இதன் அளவு புரியும். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். 100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் படலம், அடர்த்தி 1.05 என்று வைத்தால், ஏறக்குறைய 590 ஹெர்ட்ஸ் இறக்கம் தரும். பாலிஸ்டைரீன் தண்ணீரைச் சட்டை செய்யாது. அதே தடிமனில் பாலிவினைல் ஆல்கஹால் படலம் 700 ஹெர்ட்ஸை ஒட்டித் தரும். அது தன் எடையில் பத்து சதவீதம் தண்ணீர் இழுத்தால் 70 ஹெர்ட்ஸ் கூடுதலாக இறங்கும். நீங்கள் தேடும் மாற்றமே 30 ஹெர்ட்ஸ்தான் என்றால் அது அந்த எழுபதுக்குள் புதைந்துபோகும். வழி எளிது: காய்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்து, அதிர்வெண் நகராமல் நிற்கும்வரை காத்திருந்து குறியுங்கள். பூசுவதற்கு முன்னும் பின்னும் அதே ஓட்டம், அதே வெப்பநிலை.

இரண்டாவது, மிச்சக் கரைப்பான். கரைசலைச் சுழற்றிப் பூசும் ஸ்பின் கோட்டிங் முடிந்து பார்வைக்குக் காய்ந்த படலத்துக்குள் டொலுயீன் ஒளிந்திருக்கும். பாலிஸ்டைரீனுக்குக் கண்ணாடிநிலை மாறும் வெப்பம், அதாவது விறைப்பு போய் இளகும் வெப்பம், 100 பாகை செல்சியஸ் சுமார். அதற்குச் சற்று மேலே வெற்றிட அடுப்பில் சில மணி நேரம் வைத்தால்தான் கரைப்பான் முழுக்க வெளியேறும். அடுப்பில் வைக்காமல் அளந்தால், "படலம் நாளாக நாளாக எடை குறைகிறது" என்ற பொய்யான முடிவு கைக்கு வரும்.

மூன்றாவது, படிகத்தைக் கழற்றி மாட்டுவது. ரப்பர் வளையம் அழுத்தும் விதம் மாறினாலே சில ஹெர்ட்ஸ் முதல் சில பத்து ஹெர்ட்ஸ் வரை நகரும். பூச்சுப் போடக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் இதைத் தப்பிக்க முடியாது, அளந்துவைக்கலாம். வெறும் படிகத்தை ஐந்து முறை கழற்றி மாட்டி, அந்த ஐந்து எண்களின் சிதறலைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைக்கோட்டின் நீளம் அதற்குக் குறையக் கூடாது.

நான்காவது, சீரற்ற படலம். படிகம் எல்லா இடத்திலும் ஒரே அளவு உணராது. மின்வாயின் நடுவில் உணர்திறன் உச்சம், விளிம்பை நோக்கிப் போகப்போகச் சரியும். சொட்டு விட்டுக் காயவைத்தால் காப்பிக் கறை மாதிரி வளையம் விழும், பாலிமர் விளிம்புக்குப் போய்விடும், தராசு உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். ஸ்பின் கோட்டிங்கில் கரைசல் பின்பக்கம் ஊர்ந்திருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை.

சரி, இனி கருவிகள்.

## வழி ஒன்று: அதிர்வெண் மட்டும் அளக்கும் சாதா க்யூசிஎம்

1959இல் ஜெர்மானிய அறிவியலாளர் குந்தர் சாவர்பிரே தந்த உறவுதான் இதன் உயிர்: ஏறிய எடைக்கு நேர்விகிதத்தில் அதிர்வெண் இறங்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் வெற்றிடப் பூச்சு எந்திரத்தில் தடிமன் காட்டும் 6 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம். உலோகப் பூச்சுக்கு அது பிசகாமல் வேலை செய்வதற்குக் காரணம், உலோகம் விறைப்பாக இருந்து படிகத்தோடு ஒட்டியே ஆடுவது.

பாலிமர் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. கையேடுகளில் ஒரு விதி இருக்கும்: அதிர்வெண் மாற்றம் மூல அதிர்வெண்ணில் 2 சதவீதத்துக்குள் இருந்தால் சாவர்பிரே போதும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். தம்பியின் ரப்பரையே எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோமீட்டர் தடிமன், அடர்த்தி 0.92, சறுக்கு மீள்குணகம் (விறைப்பின் அளவு) 10 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, ஆற்றல் இழப்பைக் கணக்கில் எடுக்காமல் போட்டுப் பார்த்தேன். இறங்கவேண்டியது சுமார் 5,200 ஹெர்ட்ஸ். 5 மெகாஹெர்ட்ஸில் அது 0.1 சதவீதம்தான், விதிப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் அடிப்படை அதிர்வெண்ணில் 3 சதவீதம் கூடுதல் எடை காட்டும். அடிப்படையின் மூன்று மடங்கான 15 மெகாஹெர்ட்ஸ் மேற்சுரத்தில் அளந்தால் 40 சதவீதம் கூடுதல்! 25 மெகாஹெர்ட்ஸில் படலமே தனியாக ஒத்ததிர ஆரம்பித்துவிடும், அங்கே சாவர்பிரேக்கு வேலையே இல்லை. அந்த 2 சதவீத விதி படலத்தின் சுமையைத்தான் பார்க்கிறது. மென்மையை அது பார்ப்பதில்லை.

நல்ல செய்தியும் இதே கணக்கில் இருக்கிறது. அதே ரப்பர் 100 நானோமீட்டர் என்றால் 15 மெகாஹெர்ட்ஸில்கூடப் பிழை அரை சதவீதத்துக்குக் கீழே. காற்றில் அளக்கும்போது மெல்லிய தடிமன் மென்மையின் பிழையை அடக்கிவிடுகிறது. எனவே மெல்லிய, காய்ந்த படலத்துக்கு இந்த எளிய கருவியை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்.

திரவத்தில் கதை வேறு. தண்ணீர் படிகத்தின் ஒரு பக்கம் பட்ட உடனேயே 5 மெகாஹெர்ட்ஸில் சுமார் 715 ஹெர்ட்ஸ் இறங்கும். கனசாவாவும் கார்டனும் 1985இல் இதற்கான சூத்திரத்தைத் தந்தார்கள். திரவத்தின் பாகுநிலையும் அடர்த்தியும் அந்த எண்ணைத் தீர்மானிப்பதால், உப்புக் கரைசலை மாற்றினாலும் நகரும், வெப்பம் மாறினாலும் நகரும். அறை வெப்பத்தில் ஒரு பாகை கூடினால் தண்ணீரின் பாகுநிலை 2 சதவீதத்துக்கு மேல் குறைகிறது, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறுகிறது. ஏர்கான் கம்ப்ரெசர் ஓடி நிற்பதற்கு ஏற்ப அதிர்வெண்ணின் அடிப்படைக் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

திரவத்தில் இன்னொரு சிக்கல், மென்மையான படலத்தின் எடையில் ஒரு பகுதி காணாமல்போவது. காற்றில் மென்மை எடையைக் கூட்டிக் காட்டும், திரவத்தில் குறைத்துக் காட்டும். மெல்லிய படலமாகப் போட்டாலும் இங்கே தப்பிக்க முடியாது.

மறைமுகச் செலவு என்றால் இதுதான்: இந்தக் கருவி தருவது ஒரே ஓர் எண். எடை கூடியதா, படலம் மென்மையாகிக் குழைந்ததா, தண்ணீர் ஏறியதா, வெப்பம் மாறியதா, எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்து விழும். தப்பு நடந்தால் அது வாயைத் திறக்காது.

## வழி இரண்டு: ஆற்றல் இழப்பையும் சேர்த்து அளப்பது

படிகத்தைத் தட்டிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, அது எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று கேட்கும் முறை இது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ரோடால், காசெமோ குழுவினர் 1990களின் நடுவில் வளர்த்தெடுத்தது. மிருதங்கத்தில் வெறும் தோலைத் தட்டினால் நாதம் நீளும், இடந்தலையில் ரவை அப்பினால் சுருதியும் இறங்கும், ஒலியும் சீக்கிரம் அடங்கும். சுருதி இறங்கியதை மட்டும் கேட்பது முதல் வழி. அடங்கும் வேகத்தையும் கேட்பது இரண்டாவது வழி. தட்டுவதற்குப் பதிலாக மின்மறுப்பை அளந்து ஒத்ததிர்வு வளைவின் அகலத்தை எடுக்கும் கருவிகளும் இதே தகவலைத்தான் தருகின்றன.

என் ஐந்தாவது கேள்விக்கு நல்ல விடை தருவது இந்த வழிதான். மேற்சுரங்களை எல்லாம் அவற்றின் வரிசை எண்ணால் வகுத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் படலம் விறைப்பு, சாவர்பிரேயை நம்பலாம். விசிறி மாதிரி பிரிந்தால் மென்மை. 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில், ஆற்றல் இழப்பின் மாற்றத்தை அதிர்வெண் மாற்றத்தால் வகுத்து வரும் எண், ஒரு ஹெர்ட்ஸுக்கு பத்து லட்சத்தில் 0.4 பங்கைவிட நன்றாகக் கீழே இருந்தால் விறைப்பான படலம் என்று கொள்ளலாம். இந்த ஒரு சோதனையை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம், மாடலிங் எதுவும் தேவையில்லை. இதற்காக மட்டுமே ஒரு நாள் கட்டணம் கட்டினாலும் தகும் என்பது என் கருத்து.

இதிலும் செலவுகள் ஒளிந்திருக்கின்றன. சென்சார் சில்லின் விலை சாதாப் படிகத்தைவிடப் பன்மடங்கு. பாலிமர் பூசிய சில்லைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் தங்கப் பரப்பு கொஞ்சம் கரடாகும். கரடான பரப்பில் திரவம் பள்ளங்களில் சிக்கிக்கொண்டு எடையாக நடிக்கும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி வந்தால் அந்த நாள் போச்சு. அதனால் திரவங்களைக் காற்று நீக்கிவிட்டுத்தான் செலுத்த வேண்டும்.

பெரிய செலவு மாடலிங்கில்தான். மென்பொருள் தடிமன், அடர்த்தி, மீள்மை, பாகுநிலை என்று நான்கையும் கேட்கும். தடிமனையும் அடர்த்தியையும் க்யூசிஎம்மால் பிரித்தறிய முடியாது, ஒன்றை நீங்கள்தான் கொடுத்தாக வேண்டும். நீரில் ஊறிய படலத்தின் அடர்த்தி என்னவென்று ஊகித்துப் போட்டால், அந்த ஊகம் அப்படியே தடிமனாகத் திரும்பி வரும். வளைவு தரவின்மேல் அழகாகப் படிந்திருக்கும், பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். குறைந்தது மூன்று மேற்சுரங்களாவது இல்லாமல் இந்த மாடலுக்குள் இறங்காதீர்கள். அடிப்படை அதிர்வெண்ணை விட்டுவிட்டு மூன்று, ஐந்து, ஏழு என்று எடுப்பது வழக்கம். அடிப்படையில் அதிர்வு படிகத்தின் விளிம்புவரை பரவி, வளையத்தின் அழுத்தத்தையும் சேர்த்து உணர்ந்துவிடும்.

அப்புறம் ஒன்று. எத்தனை மேற்சுரம் எடுத்தாலும் இது காட்டுவது ஈர எடைதான். படலத்தோடு சேர்ந்து ஆடும் தண்ணீர் அத்தனையும் அதில் உண்டு. கிராணியின் மிதவை இந்தக் கருவிக்குள் இல்லை.

## வழி மூன்று: எலிப்சோமீட்டர்

அந்த மிதவையின் வேலையைச் செய்வது இது. ஒளி படலத்தில் பட்டுத் தெறிக்கும்போது அதன் முனைவாக்கம் எப்படி மாறுகிறது என்று பார்த்துத் தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் கணக்கிடும். படலத்துக்குள் புகுந்த தண்ணீர் சுற்றியுள்ள தண்ணீரைப் போலவே இருப்பதால், திரவத்தில் இது பெரும்பாலும் பாலிமரின் அளவை மட்டும் சொல்லும். க்யூசிஎம்மின் ஈர எடையிலிருந்து இதைக் கழித்தால் படலம் பிடித்துவைத்திருக்கும் தண்ணீர் வந்துவிடும். நீரில் ஊறும் பாலிமர்களில் இந்தக் கழித்தல் கணக்கே பல ஆய்வுகளின் உயிர்நாடி.

பிழைகள் இங்கே வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பத்து நானோமீட்டருக்குக் கீழே போனால் தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். இரண்டையும் தனித்தனியே எடுக்க முடியாது, எண்ணை நூலில் பார்த்துப் போட வேண்டியிருக்கும். தங்கத்தின் மேல் அளப்பதைவிட சிலிக்கான் தகட்டில் அளப்பது எளிது. ஆனால் சிலிக்கானில் பூசிய படலமும் தங்கத்தில் பூசிய படலமும் ஒரே தடிமன் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழைக்குக் கதவு திறப்பது. முடிந்தால் க்யூசிஎம் சில்லையே எலிப்சோமீட்டரின் மேடையில் வையுங்கள்.

படலத்தை ஊசியால் கீறி, அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அணுவிசை நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு. காய்ந்த, விறைப்பான படலத்துக்கு மிக நேர்மையான சான்று. ரப்பரைக் கீறினால் விளிம்பு இழுபட்டு மேடாகும், தண்ணீரில் ஊறியதைக் கீறவே முடியாது. எனவே இது சரிபார்க்க மட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சாதா க்யூசிஎம் | ஆற்றல் இழப்பு அளக்கும் க்யூசிஎம் | எலிப்சோமீட்டர் |
|---|---|---|---|
| எதை அளக்கிறது | படிகத்தோடு ஆடும் மொத்த எடை | மொத்த எடை, கூடவே மென்மை | ஒளித் தடிமன், ஏறக்குறைய காய்ந்த அளவு |
| காய்ந்த, மெல்லிய படலம் | தாராளமாகப் போதும் | தேவைக்கு மேல் | போதும், 10 நானோமீட்டருக்குக் கீழே கவனம் |
| மென்மையான தடித்த படலம், காற்றில் | கூட்டிக் காட்டும் | சரியான தேர்வு | பரப்பு சமமாக இருந்தால் நன்று |
| நீரில் ஊறிய படலம் | தனியாக நம்ப வேண்டாம் | தேவை | இரண்டாவது கருவியாகத் தேவை |
| ஒளிந்திருக்கும் செலவு | வெப்பம், ஈரம் கட்டுப்படுத்தும் உழைப்பு | சில்லுகள், மாடலிங்குக்குப் போகும் வாரங்கள் | ஒளியியல் மாதிரி கற்கும் காலம் |
| தப்பைக் காட்டிக்கொடுக்குமா | கொடுக்காது | பெரும்பாலும் கொடுக்கும் | மாதிரி தப்பானால் சில நேரம் மட்டும் |

## யாருக்கு எது

தடுப்புப் பூச்சு, ஒளிமின் படலம், ஸ்பின் கோட் செய்த பாலிஸ்டைரீன், அக்ரிலிக் என்று காய்ந்த நிலையிலேயே முடிகிற வேலை என்றால் உங்கள் லேப்பில் சும்மா இருக்கும் கருவியைத் தூசி தட்டி எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஈரப்பதமானி ஒன்றும் நைட்ரஜன் குழாய்க்கு ஓட்டமானி ஒன்றும் வாங்கினால், பெரிய கருவியை ஈர அறையில் ஓட்டுகிறவரைவிட நல்ல தரவு உங்களிடம் இருக்கும். இதை உறுதியாகச் சொல்வேன்.

வாயு அல்லது ஆவி உணரியாகப் பாலிமரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே போதும், ஒரு நிபந்தனையோடு. ஆவி புகுந்ததும் படலம் குழைந்துபோகும் பாலிமர் என்றால், ஒரு முறையாவது ஆற்றல் இழப்பைப் பார்த்துவிடுங்கள். எடை கூடியதாக நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு மென்மை கூடியதாக இருக்கலாம்.

கைட்டோசான் தங்கைக்கு நான் சொன்னது: சாதாக் கருவியில் நேரம் செலவழிக்க வேண்டாம். நீரில் ஊறிய படலத்தில் புரதம் ஒட்டுவதை அளக்க ஆற்றல் இழப்பும் வேண்டும், எலிப்சோமீட்டரும் வேண்டும். புரதம் வந்து ஒட்டும்போது படலத்துக்குள்ளிருந்த தண்ணீர் வெளியேறினால், உண்மையில் ஒட்டியிருந்தும் க்யூசிஎம்மில் எடை குறைந்ததாகவே தெரியும். எலிப்சோமீட்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் உண்மைக்கு எதிரான முடிவை எழுத வேண்டி வரும். கட்டணத்துக்கு வழியில்லை என்றால், ஆய்வுக் கேள்வியைக் காய்ந்த நிலைக்கு மாற்றுவது நேர்மையான வழி: ஊறவைப்பதற்கு முன்னும், கழுவிக் காயவைத்த பின்னும் நைட்ரஜனில் அளப்பது. கிடைக்கும் தகவல் குறைவுதான், ஆனால் அது தாங்கும்.

தம்பியின் படலம் 150 நானோமீட்டர் இயற்கை ரப்பர், காற்றில்தான் அளக்கிறார், ஓசோன் அதை எப்படித் தின்கிறது என்று பார்க்கிறார். அதற்குச் சாதா க்யூசிஎம்மே போதும். ஆனால் ஓசோன் படப்பட ரப்பரில் ஆக்சிஜன் ஏறும், சங்கிலிகளும் அறுபடும், எடையும் மென்மையும் ஒரே நேரத்தில் மாறும். அதனால் தொடக்கத்தில் ஒரு சில்லு, பாதியில் ஒரு சில்லு, கடைசியில் ஒரு சில்லு என்று மூன்றை மட்டும் பெரிய கருவியில் ஒரே நாளில் பார்த்துவிடச் சொன்னேன். மேற்சுரக் கோடுகள் மூன்றிலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மாதக்கணக்கான சாதாத் தரவு முழுவதும் காப்பாற்றப்பட்டுவிடும். படியாவிட்டால் எந்தக் கட்டத்திலிருந்து படியவில்லை என்பது தெரியும், அதற்கு முந்தைய தரவை வைத்துக்கொள்ளலாம். வரும் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். அதற்குள் வெறும் படிகத்தை ஐந்து முறை கழற்றி மாட்டி எண்களை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.